கார் எஞ்சின் சிக்னலில் கொதிக்கிறது, ஹைவேயில் சரியாக இருக்கிறது: மூன்று பட்டறை பார்த்தாயிற்று, ஹெட்டை இறக்கலாமா?

காவிரிக்கரை (திருச்சி)
ஏப்ரல் 17, இரவு 10:12

எல்லோருக்கும் வணக்கம். திங்கட்கிழமைக்குள் சர்வீஸ் சென்டருக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் உங்கள் யோசனை கிடைத்தால் பெரிய உதவி. விஷயம் புரிய வேண்டும் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

வண்டி 2014 பெட்ரோல் செடான். 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 2019-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன், இந்தப் பிப்ரவரிவரை ஒரு நாள்கூட நடுவழியில் நிறுத்தியதில்லை.

பிப்ரவரி கடைசியில் பால்பண்ணை பக்கம் நெரிசலில் நின்றபோதுதான் முதல் தடவை எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறியது. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோனேன். பானெட்டைத் திறந்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு "வாட்டர் பம்ப் போச்சு" என்றார். மாற்றினோம், லேபரோடு 6,400 ரூபாய். ஒரு வாரம் நன்றாக இருந்தது. பிறகு தில்லை நகரில் மறுபடி அதே கதை.

இரண்டாவதாகப் போன இடத்தில் ரேடியேட்டர் அடைப்பு என்றார்கள். கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார்கள், 2,600 ரூபாய். "இனிமேல் ஹீட்டே ஆகாது, நான் கேரண்டி" என்று சொல்லி அனுப்பினார். பில் என்று தந்தது வெள்ளைத் தாளில் ஒரே வரி: ரேடியேட்டர் வேலை. ஒன்பது நாள் ஓடியது.

இதற்கு நடுவே ஏசியும் சரியாகக் குளிரவில்லை என்று தனியாக ஓர் ஏசி கடையில் கேஸ் நிரப்பினேன், 1,800. அது வேறு விஷயம், கணக்குக்காகச் சொல்கிறேன்.

போன வாரம் பெரம்பலூரிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். சித்திரைத் தேர் சமயம் என்பதால் சமயபுரம் டோல்கேட் நெருங்க நெருங்கப் பாதயாத்திரைக் கூட்டம். வண்டிகள் ஊர்ந்துதான் போயின. பத்தே நிமிடத்தில் முள் சிவப்புக்கோட்டைத் தொட்டது. ஓரம் கட்டினேன். பானெட்டுக்குக் கீழே இருந்து ஆவி. அம்மாவுக்கு 71 வயது, சர்க்கரை வேறு. அந்த வெயிலில் புளியமரம் ஒன்றைத் தேடி அவர்களை உட்காரவைத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் நின்றேன். அந்தப் பக்கமாக நடந்துபோன அம்மன் பக்தர்கள்தான் மோரும் தண்ணீரும் கொடுத்தார்கள்.

இப்போது வண்டி கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருக்கிறது. ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே இருக்கும் சீல்) போய்விட்டது, ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்ப வேண்டும், 38,000 ஆகும், திறந்து பார்த்த பிறகு கூடலாம் என்கிறார்கள். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "எங்கள் டெக்னீஷியன் பார்த்துவிட்டார் சார்" என்பதுதான் பதில்.

இறக்கலாமா? இல்லை, வண்டியையே விற்றுவிடலாமா?

---

மெரினாக்காற்று (சென்னை)
ஏப்ரல் 17, இரவு 10:50

அவசரப்பட்டுச் சரி என்று சொல்லிவிடாதீர்கள் நண்பரே. 2021-ல் எனக்கு இதுவே நடந்தது. கேஸ்கட் என்றார்கள், நம்பி இறக்கினேன், 31,000 ரூபாய். கையில் வண்டி வந்த மூன்றாம் நாள் திரும்பவும் கொதித்தது. கடைசியில் பார்த்தால் ரேடியேட்டரின் கீழ்ப்பாதி முழுக்கச் சுண்ணாம்பு. எங்கள் பகுதியில் போர் தண்ணீர் அவ்வளவு உப்பு. நான்கு வருடமாகச் சர்வீஸில் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) என்று காசு வாங்கிக்கொண்டு குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்றியிருக்கிறார்கள். வீட்டு ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படியுமே, அதே படிவம்தான்.

அந்தக் கேஸ்கட் நல்ல கேஸ்கட். நல்ல எஞ்சினைத் தேவையில்லாமல் பிரித்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

---

நாமக்கல்_பட்டறை (நாமக்கல்)
ஏப்ரல் 18, காலை 6:25

தம்பி, 26 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதல் பத்து வருடம் லாரி, அதன் பிறகு கார். ஹெட்டை இறக்கச் சொல்லி இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதே. முதலில் நான் கேட்பதற்குப் பதில் சொல்.

ஹைவேயில் 80, 90-ல் போகும்போது முள் எங்கே நிற்கிறது? மேலே ஏறாமல் இருக்கிறதா, வழக்கத்தைவிடக் கீழேயே நிற்கிறதா?

ஏசி எப்போது குளிரவில்லை? வண்டி ஓடும்போதா, நிற்கும்போதா?

காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கூலண்ட் டப்பாவில் தொடர்ந்து குமிழி வருகிறதா? வெள்ளைப் புகை உண்டா? ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் மோர் மாதிரி வெளுத்திருக்கிறதா?

ஏசியை நீ வேறு விஷயம் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

இன்னொன்று. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே. என் தம்பி மாதிரி வளர்ந்த பையன் ஒருவன், பட்டறையில் கற்றுக்கொண்டிருந்தவன், அவசரத்தில் திறந்து கழுத்திலிருந்து நெஞ்சுவரை வெந்துபோனான். உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடி திறந்து அழுத்தம் விட்டதும் ஒரே நொடியில் பொங்கி, ஆவியும் கொதிநீருமாக முகத்துக்கு வரும். அரை மணி நேரமாவது ஆறவிடு.

---

கொங்குவாசி (கோவை)
ஏப்ரல் 18, காலை 8:02

அண்ணன் கேட்டதற்கு முள்ளை மட்டும் நம்பிப் பதில் சொல்லாதீங்க. பெரும்பாலான கார்களில் 75-லிருந்து 105 வரை முள் நடுவிலேயே நிற்கிற மாதிரிதான் வைத்திருப்பாங்க. முள் அசையும்போது விஷயம் முற்றியிருக்கும்.

ஓபிடி (வண்டியின் கம்ப்யூட்டர் பதிவைப் படிக்கும்) ப்ளூடூத் அடாப்டர் ஒன்று வாங்குங்க. சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. உங்கள் 2014 வண்டியில் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் போர்ட் இருக்கும், அதில் செருகிப் போனில் ஆப் போட்டால் கூலண்ட் சூடு டிகிரிக் கணக்கில் தெரியும். கூடவே ஏதாவது எரர் கோடு (கோளாறு எண்) பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்க. பி0217 என்றால் எஞ்சின் அதிகச் சூடு. பி0480 வந்தால் ஃபேன் சர்க்யூட். பி0128 வந்தால், எஞ்சின் வர வேண்டிய சூட்டுக்கே வரவில்லை என்று அர்த்தம்.

வண்டி சர்வீஸ் சென்டரில் இருந்தால் முதலில் வெளியே எடுங்க. இதுவரை பார்த்ததற்கு என்ன காசோ கொடுத்துவிட்டு எடுங்க.

---

புதுவண்டி2022 (வேலூர்)
ஏப்ரல் 18, காலை 9:30

பன்னிரண்டு வருட வண்டிக்கு இவ்வளவு அலைச்சல் வேண்டுமா? நான் இதே காரணத்துக்காகத்தான் புதிது வாங்கினேன், மன நிம்மதி. விற்றுவிடுங்கள் என்பது என் கருத்து.

---

காவிரிக்கரை (திருச்சி)
ஏப்ரல் 19, இரவு 9:15

வேலூர் நண்பருக்கு: இப்போதைக்கு இஎம்ஐ கட்டும் நிலையில் இல்லை. மகளுக்கு ஜூனில் கல்லூரிக் கட்டணம். தவிர, கோளாறை மறைத்து இன்னொருவர் தலையில் கட்ட மனம் வரவில்லை, சொல்லி விற்றால் பாதி விலைக்குத்தான் கேட்பார்கள்.

வண்டியை எடுத்துவிட்டேன். செக்கப் கட்டணம் 1,180 ரூபாய். எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

அண்ணே, நீங்கள் கேட்டதற்குப் பதில்: டப்பாவில் குமிழி இல்லை. வெள்ளைப் புகை இல்லை. ஆயில் மூடி சுத்தமாக இருக்கிறது. ஏசி ஓடும்போது நன்றாகவே குளிர்கிறது, சிக்னலில் நின்றால்தான் இரண்டு நிமிடத்தில் காற்று வெதுவெதுப்பாகிவிடும். கேஸ் நிரப்பிய பிறகும் அப்படித்தான்.

கொங்குவாசி சொன்ன அடாப்டரை உள்ளூர்க் கடையிலேயே வாங்கினேன். இன்று சாயங்காலம் சென்னை பைபாஸில் போய்ப் பார்த்தேன். 80 வேகத்தில் 62 டிகிரிக்கு மேல் ஏறவே இல்லை. திரும்பும்போது செந்தண்ணீர்புரம் அருகே நெரிசலில் நின்றேன். 90, 96, 101 என்று கண்ணெதிரே ஏறி 108-ஐத் தொட்டதும் பயந்து நிறுத்திவிட்டேன். பதிவாகியிருந்த கோடு பி0128.

ஒரே வண்டி எப்படி அதிகச் சூடாகவும் இருக்கும், சூடு போதாமலும் இருக்கும்? தலை சுற்றுகிறது.

---

நாமக்கல்_பட்டறை (நாமக்கல்)
ஏப்ரல் 19, இரவு 10:05

இப்போது வழிக்கு வந்தது தம்பி. உன் வண்டிக்கு இரண்டு நோய். ஒன்று அதுவாக வந்தது. மற்றது பட்டறையில் வைத்தது என்று நினைக்கிறேன்.

முதலாவது. ஏசியின் கண்டென்சர் (ஏசி சூட்டை வெளியே விடும் பாகம்) ரேடியேட்டருக்கு முன்னால் அதை ஒட்டியே இருக்கும். பல கார்களில் இரண்டுக்கும் காற்றை இழுப்பது ஒரே ஃபேன். ஓடும்போது எதிர்க்காற்று அடிப்பதால் ஃபேன் இல்லாவிட்டாலும் சமாளித்துவிடும். நின்றால் ஃபேன்தான் கதி. நின்றதும் எஞ்சின் கொதிக்கிறது, அதே நேரத்தில் ஏசியும் கைவிடுகிறது என்றால் ஃபேன் சுற்றவில்லை. பம்ப் போயிருந்தால் ஹைவேயில்தான் முதலில் கொதிக்கும், ஏனென்றால் அங்கேதான் எஞ்சினுக்கு வேலை அதிகம். உள்ளடைப்புக்கும் அதே கதிதான், தொப்பூர் மாதிரி ஏற்றத்தில் காட்டிக்கொடுத்துவிடும். உன்னுடையது ஹைவேயில் தொந்தரவே தரவில்லை என்று முதல் நாளே எழுதிவிட்டாய்.

இரண்டாவது. 80-ல் 62 டிகிரி என்றால் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) மூடவில்லை. ஒன்று திறந்தபடியே சிக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. எஞ்சின் ஹீட் என்று வந்தால் முதல் வேலையாக அதைக் கழற்றி எறியும் பழக்கம் நம் ஊரில் நிறையப் பேருக்கு உண்டு. "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு" என்பார்கள். லாரிப் பட்டறையில் எனக்கும் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள், நானும் ஐந்தாறு வருடம் செய்தேன். அது தப்பு. எஞ்சின் சூடேறவில்லை என்றால் வண்டியின் கம்ப்யூட்டர், எஞ்சின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று நினைத்து பெட்ரோலைக் கூடுதலாக விடும். மைலேஜ் போகும், ஆயில் சீக்கிரம் கெடும், தேய்மானம் கூடும். மைலேஜ் குறைந்ததா என்று யோசித்துப் பார்.

நாளைக்கு இதைச் செய். வண்டியை ஸ்டார்ட் செய்து ஏசியை முழுதாக வை. ஒரு நிமிடத்துக்குள் முன்னால் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃப்யூஸ் பாக்ஸைத் திற, மூடியின் உள்பக்கத்தில் எது ஃபேன் ரிலே (ஃபேனுக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) என்று படம் இருக்கும். ஸ்க்ரூட்ரைவர் பிடியால் அதை லேசாகத் தட்டு. தட்டியதும் சுற்றினால் உன் 38,000 ரூபாய் மிச்சம். சுற்றாவிட்டால், ஹாரன் ரிலேயும் அதே நம்பர்தானா என்று பார்த்து இரண்டையும் இடம் மாற்றிப் போடு. கை, சட்டை, துண்டு எதுவும் ஃபேன் பக்கம் போகக்கூடாது. எஞ்சினை நிறுத்தினாலும் சூடாக இருந்தால் அது தானாகச் சுற்றலாம்.

---

யாழ்_வாகனம் (யாழ்ப்பாணம்)
ஏப்ரல் 20, காலை 7:40

இங்கேயும் இதே கதைதான் அண்ணை. எங்களுக்கு விற்றுவிட்டுப் புதிது வாங்குகிற வழியே பல வருடம் இருக்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அதுவரைக்கும் இருக்கிற வாகனத்தைத் திருத்தித் திருத்தி ஓடியே ஆக வேண்டும் என்ற நிலைமை. என்னுடைய ஜப்பான் கார் 1997-ஆம் ஆண்டு தயாரிப்பு. அதிலும் முந்தின கராஜ்காரர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டிருந்தார், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது நான் போகிற கராஜ்காரர் வேறு மாதிரி. வாகனம் போனவுடன் சோதிக்கிறதற்கு என்று ஒரு தொகை முதலே வாங்குவார். என்ன பார்த்தார், என்ன அளவு வந்தது எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக் காட்டுவார். அதற்குப் பிறகுதான் வேலையில் கை வைப்பார். முதல் தரம் எனக்கு அந்தக் காசு கொடுக்க மனம் வரவில்லை. இரண்டு வருடமாக அவரிடம்தான் போகிறேன், தேவையில்லாமல் ஒரு சாமானும் மாற்றவில்லை.

---

காவிரிக்கரை (திருச்சி)
ஏப்ரல் 20, மாலை 6:48

அண்ணே, தட்டியதும் சுற்றியது!

காலையில் ஏசி வைத்து மூன்று நிமிடம் நின்றேன், ஃபேன் அசையவில்லை. மகள் உள்ளே உட்கார்ந்து 93, 95, 97 என்று சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். ரிலேயை இரண்டு தட்டு தட்டினேன். டக் என்று ஒரு சத்தம், உடனே கிர்ரென்று ஃபேன். என் வேட்டி நுனி காற்றில் ஆடியது. 97-ல் இருந்தது அப்படியே 91-க்கு இறங்கியது.

ரிலேயைப் பிடுங்கிப் பார்த்தேன். நாலு காலில் ஒரு கால் மட்டும் வெந்த கருவாடு நிறத்தில் இருக்கிறது. அது உட்காரும் பிளாஸ்டிக் குழியும் ஓரமாக உருகி வளைந்திருக்கிறது. ஹாரன் ரிலே அதே நம்பர்தான். இடம் மாற்றிப் போட்டதும் ஃபேன் ஒழுங்காகச் சுற்றுகிறது, ஹாரன் மட்டும் அடிக்கவில்லை. இரண்டு மாதம் மூன்று பட்டறையில் நின்ற வண்டி. ஃப்யூஸ் பாக்ஸ் மூடியை ஒருவர்கூடத் திறக்கவில்லை.

மைலேஜ் பற்றிக் கேட்டீர்கள். மார்ச்சிலிருந்து 16 கொடுத்த வண்டி 13-தான் கொடுக்கிறது. பெட்ரோல் பங்கைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

---

நாமக்கல்_பட்டறை (நாமக்கல்)
ஏப்ரல் 20, இரவு 8:30

சந்தோஷம் தம்பி. ஆனால் ரிலேயை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டாதே. குழி உருகியிருந்தால் அங்கே லக் (ஒயர் முனையில் ரிலே காலைப் பிடிக்கும் கவ்வி) தளர்ந்து சூடாகியிருக்கிறது. புது ரிலேயும் ஆறு மாதத்தில் இதே மாதிரி வெந்துவிடும். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போய் அந்த லக்கை மாற்றச் சொல். கிளாம்ப் மீட்டர் வைத்து ஃபேன் மோட்டார் எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்றும் பார்க்கச் சொல். மோட்டார் புஷ் தேய்ந்து இறுகினாலும் கரண்ட் கூடுதலாக இழுத்து ரிலேயை எரிக்கும்.

தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தைத் திறந்து பார். அப்புறம் இவ்வளவு தடவை கொதித்திருப்பதால் கேஸ்கட் நிஜமாகவே தப்பித்ததா என்றும் உறுதி செய்துகொள்ள வேண்டும். பிளாக் டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. ஒரு கண்ணாடிக் குழாயில் நீலத் திரவம் ஊற்றி ரேடியேட்டர் வாயில் வைத்து உள்ளிருக்கும் காற்றை அதன் வழியாக இழுப்பார்கள். கேஸ்கட் போயிருந்தால் எஞ்சின் புகை கூலண்டில் கலந்திருக்கும், நீலம் மஞ்சளாகும். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் 38,000-க்கு எஸ்டிமேட் எழுதக் கூடாது.

---

மெரினாக்காற்று (சென்னை)
ஏப்ரல் 21, காலை 9:10

படிக்கப் படிக்க வயிறு எரிகிறது. 300 ரூபாய் ரிலேக்காக ஒருவரை 38,000 செலவழிக்க வைக்கப் பார்த்திருக்கிறார்கள். மெக்கானிக் தொழிலில் யாரைத்தான் நம்புவது? கார் ஓட்டத் தெரிந்த நமக்கு உள்ளே இருப்பது தெரியாது என்பதுதான் அவர்களுக்கு மூலதனம்.

---

நாமக்கல்_பட்டறை (நாமக்கல்)
ஏப்ரல் 21, பிற்பகல் 2:20

சென்னைத் தம்பி, உன் கோபம் நியாயம். ஏமாற்றுகிறவன் இருக்கிறான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ஒரு வண்டி வந்தது, ஓடும்போது திடீரென்று அணைந்துவிடும். ஒரு நாள் முழுக்கத் தேடினேன். கடைசியில் எர்த் ஒயர் போல்ட் ஒன்று லூஸ். இறுக்கினேன், வேலை முடிந்தது. 700 ரூபாய் கேட்டேன். "ஒரு போல்ட் முறுக்கினதுக்கு 700-ஆ?" என்று கேட்டுவிட்டு 200 கொடுத்துப் போனார். அதே ஆளிடம் பியூயல் பம்ப் மாற்றினேன் என்று சொல்லி 9,000 கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கையில் பழைய சாமான் ஒன்றைப் பார்த்தால்தான் காசு கொடுக்க மனசு வருகிறது. கண்டுபிடித்ததற்குக் கூலி இல்லை, மாற்றினால்தான் கூலி என்று ஆகிவிட்டால், பட்டறைக்காரன் மாற்றத்தான் செய்வான். பிள்ளை குட்டி இருக்கிறது, வாடகை இருக்கிறது.

வேலை கற்க ஆளும் இல்லை. ஐடிஐ-யில் மோட்டார் மெக்கானிக் இரண்டு வருடம் படித்த பையன்களும் டெலிவரி வேலைக்குப் போகிறார்கள். என்னிடம் இப்போது இருப்பது ஒரே பையன். ஸ்கேனர் வாங்கினேன், அதற்கு வருடா வருடம் அப்டேட் காசு. மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவன் இல்லாத பட்டறையில் ஹீட் என்று வண்டி வந்தால் பம்ப், பம்ப் இல்லை என்றால் ரேடியேட்டர், அதுவும் இல்லை என்றால் ஹெட் என்று வரிசையாகத்தான் மாற்றுவார்கள். பாதிப் பேர் ஏமாற்ற நினைத்துச் செய்வதில்லை, தெரியாமல் செய்கிறார்கள். தெரியவில்லை என்று சொல்ல வாய் வருவதில்லை.

யாழ்ப்பாணத்துக்காரர் சொன்ன கொப்பி விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது. அடுத்த மாதம் நானும் அப்படி எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

---

மெரினாக்காற்று (சென்னை)
ஏப்ரல் 21, பிற்பகல் 3:05

மன்னிக்கவும் அண்ணே, பொதுவாகப் பேசிவிட்டேன். 2021-ல் என்னிடம் யாராவது "சோதனைக்கு மட்டும் 1,000" என்று கேட்டிருந்தால் நானும் கொடுத்திருக்க மாட்டேன். உண்மைதான்.

---

வைகைவக்கீல் (மதுரை)
ஏப்ரல் 21, இரவு 9:45

நுகர்வோர் வழக்குகள் பார்க்கிறவன் என்ற முறையில் சில விஷயங்கள்.

பட்டறையில் சண்டை வந்து "காசு கொடுத்தால்தான் சாவி" என்று சொன்னால் பலர் போலீஸுக்குப் போகப் பார்க்கிறார்கள். 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவுப்படி, ஒரு பொருளில் உழைப்பும் திறமையும் போட்டு வேலை செய்தவர் அந்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ள உரிமை உண்டு, வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில். அதனால் நடைமுறையில் நல்ல வழி, தொகையைக் கட்டி, பில்லின் மேலேயே "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதி, போட்டோ எடுத்துக்கொண்டு வண்டியை வெளியே கொண்டுவருவது. முடிந்தவரை பணமாகக் கொடுக்காமல் யுபிஐ-யில் கொடுங்கள்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் 1915 உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள், சில சமயம் அதிலேயே முடிந்துவிடும்.

ஆனால் இதெல்லாம் காகிதம் இருந்தால்தான். திருச்சி நண்பரின் ஒரு வரிப் பில்லை வைத்துக்கொண்டு நான் எதை நிரூபிக்க? என்ன குறை சொல்லி வண்டியை விட்டீர்கள், கிலோமீட்டர் எவ்வளவு, எந்தப் பாகம், என்ன நம்பர் என்று ஜாப் கார்டு இருக்க வேண்டும். பழைய சாமானைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். "பில் போட்டால் 28 சதவீதம் கூடும்" என்று பயமுறுத்துவார்கள். அந்தக் கணக்கும் மாறிவிட்டது, 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான்.

---

காவிரிக்கரை (திருச்சி)
மே 3, இரவு 8:20

தாமதத்துக்கு மன்னியுங்கள். எல்லாம் முடிந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் கிடைத்தார், பொறுமையான மனிதர். லக் மாற்றி, புது ரிலே போட்டு, கிளாம்ப் மீட்டரில் மோட்டாரையும் பார்த்து, எல்லாம் சேர்த்து 850 வாங்கினார். நான் கூடுதலாக 300 கொடுத்தேன். "எதுக்கு சார்?" என்றார். தேடிக் கண்டுபிடித்ததற்கு என்றேன்.

தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டைத் திறந்தோம். உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் குழியும், ஓரத்தில் சிவப்பு சீலண்ட் பிதுங்கி நின்றதும்தான். புதிது 950 ரூபாய். மாட்டுவதற்கு முன்னால் வீட்டில் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதில் போட்டுப் பார்த்தேன். அதன் மேல் 88 என்று அச்சடித்திருந்தது. தண்ணீர் சூடாகி அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழி கிளம்பும்போது வாய் மெல்லத் திறந்தது, அடுப்பை அணைத்ததும் மூடிக்கொண்டது. மகள் வீடியோ எடுத்திருக்கிறாள்.

பிளாக் டெஸ்ட்டும் செய்தாயிற்று. நீலம் நீலமாகவே இருந்தது. கேஸ்கட் நன்றாக இருக்கிறது.

ஒன்று மட்டும் பாக்கி. கூலண்ட் வாரத்துக்கு ஒரு டம்ளர் குறைகிறது. பிரஷர் பம்ப் வைத்துப் பார்த்ததில் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பில் கசிவு. சுத்தம் செய்கிறேன் என்று விளிம்பை நெம்பித் திறந்து திரும்ப மடக்கியிருக்கிறார்கள், திருப்புளி தடம் அப்படியே தெரிகிறது.

இரண்டாவது பட்டறைக்குப் போய் போட்டோவைக் காட்டினேன். தெர்மோஸ்டாட்டை எடுத்ததை அவர் மறுக்கவில்லை. "எல்லா வண்டிக்கும் எடுத்துடுவோம் சார், நல்லதுக்குத்தான்" என்றார். கோபமாகத்தான் போனேன், ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் நிஜமாகவே நல்லது செய்ததாக நம்புகிறார் என்று தோன்றியது. எடுத்ததை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், அதற்குப் பதில் இல்லை. பேசிப் பேசி 1,500 திருப்பிக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். சர்வீஸ் சென்டருக்கு, எந்தச் சோதனையை வைத்துக் கேஸ்கட் என்று சொன்னீர்கள் என்று மெயில் அனுப்பினேன். பத்து நாளாகப் பதில் இல்லை. 1915-ல் பதிவு செய்துவிட்டேன்.

நேற்று அம்மாவைப் பெரம்பலூரில் விட்டுவிட்டு வந்தேன். ஓடும்போது 89, 90. சமயபுரம் டோல்கேட்டில் வேண்டுமென்றே லாரி வரிசையின் பின்னால் போய் நின்றேன். 97-க்கு ஏறியது, டக் என்று ஃபேன் பிடித்தது, 92-க்கு இறங்கியது. மூன்று தடவை அப்படி ஏறி இறங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஏசியும் குளிர்ந்துகொண்டே இருந்தது.

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நாமக்கல் அண்ணே, உங்களுக்குத் தனியாக.

---

நாமக்கல்_பட்டறை (நாமக்கல்)
மே 4, காலை 6:10

நல்லது தம்பி. ரேடியேட்டர் விளிம்பை ஒட்டுப் போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே, புதிதாகவே மாற்றிவிடு. மாற்றும்போது மூடியையும் புதிதாகப் போடு, அதன் ஸ்பிரிங் போனாலும் கசியும். பழைய கூலண்டின் மேலேயே ஊற்றாமல் முழுக்க வடித்துவிட்டு, கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. காற்று நிற்காமல் பிளீட் செய்யச் சொல். மாற்றிய பிறகு இரண்டு நாள் காலையில் ஆறிய எஞ்சினில் டப்பா அளவைப் பார்த்து இங்கேயே எழுது, நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.